துருப்பிடித்த சாட்சி

"போறியா, இல்ல நாயை அவுத்து உடட்டுமா?"

இரும்புக் கதவின் இடுக்கில் ஒரு கண்ணும் ஒரு மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன. ஷாகிதா இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் இந்த வரவேற்பு.

"அவுத்து உடும்மா," என்றார் அவள் பின்னால் நின்ற துலுக்கானம். "நாயாச்சும் உள்ள வான்னு கூப்புடுதா பார்ப்போம்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"ரொம்ப நன்றி," என்றாள் ஷாகிதா அவரைத் திரும்பிப் பார்க்காமலே.

"நாய் இல்ல மேடம். இருந்திருந்தா நான் பேசுன பேச்சுக்கு இந்நேரம் குலைச்சிருக்கும். ஒரு விஷயம் தெரிஞ்சுபோச்சா இல்லியா?"

ஷாகிதா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைத் தோண்டி எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு மாடியறையைப் பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். துலுக்கானம் அதற்கு முன் கால் டாக்ஸி ஓட்டியவர். ஏறியவர்களிடம் பேசிப் பேசியே ஐந்து நட்சத்திரத்திலிருந்து இரண்டுக்கு இறங்கி, வண்டியையும் விட்டு இறங்கியவர். இப்போது அவர் கையில் துணியில் சுற்றிய ஒரு கனமான இரும்புக் கீல் இருந்தது. வெள்ளானூரின் இந்த மூலைக்கு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான்.

போன வாரம் ஞானசேகரன் என்பவர் தன் தங்கை பார்வதத்தோடு அலுவலகப் படியேறி வந்தார். தங்கையின் கணவன் உத்தமனைக் காணோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடித்து வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர். மனசு சரியில்லாதவன், தன்னையே ஏதாவது செய்துகொள்வதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். பார்வதம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசை மேல் இருந்த டிஷ்யூ பெட்டி காலியாகும்வரை அழுதாள். அந்த அழுகையில் ஷாகிதா கேட்க வேண்டிய பல கேள்விகளைக் கேட்கவில்லை.

உத்தமனுக்குச் சிநேகிதர்கள் இல்லை, கெட்ட பழக்கம் இல்லை, போன் அணைந்து கிடந்தது. அவனுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அறுபதுகளில் வந்த அம்பாசடர் எஸ்டேட் வண்டி. பின்பக்கம் பெட்டி மாதிரி நீண்டு, குடும்பத்தோடு மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொள்ளும் ரகம். காயலாங்கடையில் நசுங்கப் போனதை வாங்கிவந்து ஐந்து வருடமாகத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தானாம். ஆள் மறைந்த அன்றே வண்டியும் மறைந்துவிட்டது.

"வண்டி எங்கயோ அவன் அங்கதான் மேடம்," என்று சொல்லி, ஞானசேகரன் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பினார். "போன பொங்கல் அன்னிக்கு, தங்கச்சி வீட்டு வாசல்ல எடுத்தது."

இன்ஜின் இல்லாத வண்டியை இழுத்துப் போனது யார் என்று துலுக்கானம் ஊரெல்லாம் விசாரித்துக் களைத்தார். ஷாகிதா வேறு விதமாக யோசித்தாள். ஒளிந்திருப்பவனை நாம் தேடினால் இன்னும் உள்ளே போவான். அவனே நம்மைக் கூப்பிட வேண்டும். சாதாரண அம்பாசடருக்கு எந்தச் சாமானும் கிடைக்கும். எஸ்டேட்டின் பின்கதவும் அதன் கீலும் மட்டும் வேறு எந்த வண்டியிலும் கிடையாது. துலுக்கானம் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கீலைப் பிடித்துவந்தார். ஆன்லைனில் விளம்பரம் போட்டார்கள். மறுநாளே ஒரு பெண் குரல் அழைத்தது. பஸ் ஸ்டாப்பில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னது. வைத்துப் பார்க்காமல் தரமாட்டேன் என்று துலுக்கானம் முறுக்கிக்கொள்ள, வேண்டாவெறுப்பாக வழி சொன்னது.

அந்த வழி முடிந்த இடம் இது. சந்தின் ஒரு பக்கம் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்ட். மறுபக்கம் மூடிப்போன ஒரு லேத் பட்டறை, அதை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. துலுக்கானம் பட்டறைச் சுவரில் கல் பெயர்ந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"நம்ம ஆளு உள்ள கீறாரு மேடம். நீட்டு வாலு, ஒடம்பெல்லாம் சொறி."

ஷாகிதா வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். 'வண்டி கிடைத்துவிட்டது' என்று தட்டி, நிற்கும் இடத்தையும் சேர்த்து ஞானசேகரனுக்கு அனுப்பினாள். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது.

'மிக்க நன்றி மேடம். ஆவடியில்தான் இருக்கிறோம். இப்போதே வருகிறோம். இனி நீங்கள் கிளம்பலாம்.'

அதை அவள் இரண்டு முறை படித்தாள். காணாமல் போனவன் நன்றாக இருக்கிறானா என்று ஒரு வார்த்தை இல்லை. அவசரத்தில் மறந்திருப்பார் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஒட்டவில்லை.

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பெண். வலது கை முழுக்கத் துப்பட்டாவுக்குள் சுருண்டிருந்தது. போனில் கேட்ட அதே குரல்.

"கீல் எங்க? குடுத்துட்டுக் கெளம்புங்க."

"வெச்சுப் பாக்க வேணாமாம்மா?" என்றார் துலுக்கானம். "மூஞ்சி பாக்காம தாலி கட்டுன கதை ஆயிடப்போவுது."

"எனக்குக் கீல்தான் வேணும். உன் வாய் வேணாம்."

துலுக்கானத்துக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. சிரித்துக்கொண்டே, அவள் தடுப்பதற்குள் காலை உள்ளே வைத்துவிட்டார். ஷாகிதாவும் நுழைந்தாள்.

மூக்குத்திக்காரி, அந்தப் பெண்ணின் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும், கையில் ஓர் இரும்புக் குழாயோடு சுவரோரம் நின்றாள். அதை மறைக்கவும் இல்லை.

"காவ்யா, இவுங்க மொகரயே செரியில்ல. அனுப்பிச்சுடு."

"தெரியும்மா. நீ கம்னு இரு."

செங்கல் அடுக்கின் மேல் அந்த எஸ்டேட் வண்டி நின்றது. பாதி துரு, பாதி ரெட் ஆக்சைடு பூச்சு. கூரையில் கல்லடி பட்ட பள்ளங்களை டிங்கரிங் செய்து எடுத்திருந்தார்கள். பின் சக்கரத்தின் மேல் வளைவில் புதுத் தகடு வைத்து ஒட்டியிருந்தது. பின்கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் படபடத்தது. ஒரு கதவு மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"யாரு வேலை பாக்குறாங்க?" என்றாள் ஷாகிதா.

"நான்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான். பொம்பள செஞ்சா துரு போகாதா?"

ஷாகிதா அந்தக் கதவைக் குனிந்து பார்த்தாள். தேய்த்த கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடின. பிறகு பின் சக்கரத்துப் பக்கம் வந்து, புதுத் தகட்டின் ஓரத்தைத் தடவினாள். கேஸ் வெல்டிங் ஓடிய வரி சீராக, மீன் செதில் அடுக்கின மாதிரி இருந்தது. விரலில் சூடு தட்டியது. சற்று முன் போட்டது.

"இந்தக் கதவைத் தேய்ச்சது நீங்கதான். இடது கையால தேய்ச்சிருக்கீங்க. நம்புறேன்." அவள் குரலில் வழக்கமான மிடுக்கு வந்திருந்தது. புதிர் அவிழும்போது வரும் மிடுக்கு. "இந்தத் தகட்டை ஒட்டினது நீங்க இல்லை. கேஸ் வெல்டிங்ல நெருப்பைப் பிடிக்க ஒரு கை வேணும், கம்பியைக் கொடுக்க இன்னொரு கை வேணும். உங்களுக்கு..."

நிறுத்தினாள். நிறுத்தியது பிந்திவிட்டது.

காவ்யா துப்பட்டாவை மெதுவாக உருவினாள். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. தையல் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"முடி," என்றாள். "சொல்ல வந்ததை முழுசாச் சொல்லிடு. கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு."

ஷாகிதாவுக்கு முகம் எரிந்தது. துலுக்கானம் தரையைப் பார்த்தார். அம்மாவின் கையில் குழாய் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணை உடு. எதுவாயிருந்தாலும் என்னைக் கேளு."

பட்டறையின் பின்கதவில் ஒருவன் நின்றான். நாற்பது வயது இருக்கும். வெல்டிங் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. அதற்குக் கீழே கரி, கரிக்கு நடுவே வியர்வை ஓடிய கோடுகள்.

"உன்னை யாரு வெளிய வரச் சொன்னது?" காவ்யா அவன் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அறிவு கீதா உனக்கு? இத்தினி நாளு சோறு போட்டு ஒளிச்சு வெச்சது எதுக்கு?"

"உத்தமன்தானே?" ஷாகிதா முந்திக்கொண்டாள். "பயப்படாதீங்க. உங்க மனைவிதான் எங்களை அனுப்பினாங்க. பார்வதம்."

"எந்தப் பார்வதம்?"

"உங்க மனைவி."

"எனக்குக் கல்யாணமே ஆவலியே," என்றான் உத்தமன்.

"அப்போ எங்க ஆபீஸ்ல ஒரு டப்பா டிஷ்யூவைக் காலி பண்ணது யாரு?" என்றார் துலுக்கானம். அவர் குரலிலும் கேலி பாதிதான் இருந்தது.

"நடிக்காதீங்க!" காவ்யா வந்து ஷாகிதாவின் எதிரில் நின்றாள். "ஞானசேகரன் ஆளுங்கதானே நீங்க? அன்னிக்கு ராத்திரி இவன் ஊட்டாண்ட வந்து கண்ணாடிய ஒடச்சீங்க. இன்னிக்குக் கீலைத் தூக்கிகினு வரீங்க."

ஞானசேகரன் யாருக்கும் அண்ணன் இல்லை. அந்தப் பிரஸ் ஷாப்புக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். மீதியைக் காவ்யா மூச்சு விடாமல் சொன்னாள்.

அந்தப் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்போது கை நடுவில் மாட்டாது. ஒரு பட்டனை நிரந்தரமாக அழுத்திக் கட்டிவிட்டால் ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அழுத்தலாம். வேலை வேகமாக ஓடும். கட்டச் சொன்னவன் ஞானசேகரன். கட்டினவன் உத்தமன். கை போனவள் காவ்யா.

"ஆஸ்பத்திரிக்கு வந்து கால்ல உழுந்தான். காறித் துப்புனேன். கை போனதுக்கு நான் போட்ட கேஸ்ல, கோர்ட்ல வந்து உண்மையைச் சொல்லுடான்னேன். சொல்றேன்னான். அது அவனுங்க காதுக்குப் போச்சு, அடிக்க வந்தானுங்க. இவன் பின்பக்கமா ஓடித் தப்பிச்சு எனக்குப் போன் போட்டான். விடியறதுக்குள்ள மாமா மினி லாரியில இஸ்துகினு வந்துட்டோம். இந்தத் தகரத்தையும் சேத்து. இது இல்லாம வரமாட்டேன்னு ரோட்ல குந்திகினான்." அவள் வண்டியைக் காலால் ஓர் உதை விட்டாள். "நாளைக்குக் காலையில கோர்ட்ல இவன் பேசணும். அதுவரைக்கும் இவன் உசுரோட இருக்கணும். அப்புறம் இவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

உத்தமன் எதையும் மறுக்கவில்லை. வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

யாரை நம்புவது? டிஷ்யூ பெட்டியைக் காலி செய்தவளையா, இரும்புக் குழாயை ஓங்குகிறவர்களையா? ஷாகிதா போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். பொங்கல் அன்றைய படம். வீட்டு வாசலில் நிற்கும் வண்டி. அதன் பின்கண்ணாடி உடைந்திருந்தது. எத்தனை முறை பார்த்த படம். பழைய வண்டி, உடைந்த கண்ணாடி, அதில் என்ன அதிசயம் என்று தாண்டிப் போயிருந்தாள். இப்போது இரண்டு விரலால் அகட்டிப் பெரிதாக்கினாள். வண்டிக்குக் கீழே தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. போனின் பிளாஷ் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது. யாரும் கூட்டவில்லை. யாரும் மிதிக்கவில்லை. உடைத்த கையின் வியர்வை காயுமுன் எடுத்த படம்.

"கண்ணாடி எப்ப உடைஞ்சுது?" என்றாள்.

"அன்னிக்கு ராத்திரிதான். அதுக்கு முன்ன ஒரு கீறல்கூடக் கெடையாது," என்றான் உத்தமன்.

துலுக்கானம் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "மேடம், வாசலைப் பாருங்க. பொங்கல் நாளு. பொண்டாட்டி இருக்கிற ஊடு. கோலம் எங்க?"

வாசலில் ஒரு புள்ளிகூட இல்லை.

"எங்கம்மாவா இருந்தா அந்தப் பார்வதத்தை நடுரோட்ல நிக்க வெச்சுக் கேட்டிருக்கும்," என்றார் அவர்.

வண்டியை உடைத்தவன்தான் இந்தப் படத்தை எடுத்திருக்க முடியும். மேலே இருப்பவர்களுக்கு வேலை முடிந்தது என்று காட்ட எடுத்திருப்பான். தேடக் கொடுக்க வேறு படம் இல்லாமல் இதையே கொடுத்திருக்கிறான். ஒளிந்திருந்த சாட்சியை ஷாகிதா கெட்டிக்காரத்தனமாக வெளியே வரவழைத்து, வீட்டுக்கு வழியும் அனுப்பிவிட்டு, இங்கே நின்று வெல்டிங் பாடம் நடத்தியிருக்கிறாள்.

"நான் அவனுக்கு இந்த இடத்தை அனுப்பிட்டேன்," என்றாள். அதைச் சொல்ல வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. "வந்துகிட்டிருக்கான்."

அம்மாவின் குழாய் சுழன்றது. துலுக்கானம் குறுக்கே கையை வைத்தார், முழங்கையில் வாங்கிக்கொண்டார், 'ஆ' என்றார், நகரவில்லை. அதே நேரம் சந்து முனையில் ஒரு பெரிய வண்டியின் ஹாரன் கேட்டது.

ஓடிப்போக நேரமில்லை. சந்துக்கு இன்னொரு வழியும் இல்லை.

"காவ்யா, அவரை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்த் தாழ் போடுங்க. என்ன சத்தம் கேட்டாலும் அவர் வெளிய வரக் கூடாது. துலுக்கானம், இந்தப் படத்தை இவங்க வக்கீலுக்கு அனுப்புங்க, நம்பர் வாங்கிக்குங்க. போலீசுக்குப் போன் போடுங்க. அப்புறம் உங்க போன்ல ரெக்கார்டிங் ஓடட்டும்."

"உன்ன நம்பணுமா?" என்றாள் காவ்யா.

"நம்ப வேணாம். தாழ் மட்டும் போடுங்க."

ஷாகிதா பட்டறை வாசலுக்கு வந்து நின்றபோது வெள்ளை வண்டி ஒன்று சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஞானசேகரன் இறங்கினான். வெளுத்த சட்டை, சந்தனப் பொட்டு, அதே பணிவு. அவன் பின்னால் மூன்று பேர். அவர்களிடம் பணிவு இல்லை.

"மேடம், நீங்க இன்னும் போகலையா?"

"ஆள் கையில கிடைக்கிறவரைக்கும் நான் போறதில்லை. வண்டி இருக்கு, ஆளைக் காணோம். வண்டி இதுதானான்னு நீங்க ஒரு தடவை சொல்லிடுங்க."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "இதேதான்."

"பின்கண்ணாடி இல்லையே?"

"ரவுடிப் பசங்க ஒடைச்சுட்டாங்க மேடம். மச்சான் காணாமப்போனாரே, அன்னிக்கு ராத்திரி."

"அதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு. அவரு கண்ணுபோல வெச்சிருப்பாரு."

"அப்படின்னா நீங்க பொங்கல் அன்னிக்கு எடுத்த படத்துல அது எப்படி உடைஞ்சிருக்கு?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் ஞானசேகரனைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதும், படம் எடுக்கும்போது அவனும் கூட இருந்தான் என்று தெரிந்துகொள்ள.

"உங்க நம்பர்லேருந்து என் நம்பருக்கு நீங்களே அனுப்பினது," என்றாள் ஷாகிதா. "இப்ப அது வக்கீல்கிட்ட இருக்கு. என் போனைப் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை."

பணிவு உரிந்து விழுந்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான். வெற்றிலையும் சென்ட்டும் கலந்த வாடை அவள் முகத்தில் அடித்தது.

"உன் ஆபீஸ் எந்த மாடியில கீதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும். படியேறி வந்து ஒரு பொண்ணை அழ வெச்சீங்களே."

அவன் அவளைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே போனான். சுற்றிலும் பார்த்தான். வீட்டின் மூடிய கதவைப் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்துச் சிரித்தான். தரையில் கிடந்த சம்மட்டியை எடுத்து ஒருவன் கையில் கொடுத்தான்.

"உத்தமா!" ஓட்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "உன் தகரப் பொண்டாட்டி கூப்புடுறாடா!"

முதல் அடி கூரையில் விழுந்தது. பட்டறையே அதிர்ந்தது. இரண்டாவது, அந்தப் பால் வெள்ளைக் கதவில். மூன்றாவது, அந்தப் புதுத் தகட்டில். தகடு பிய்ந்து சுருண்டது. ஷாகிதா குறுக்கே பாய்ந்தாள். ஒருவன் அவள் கையை முறுக்கிச் சுவரோடு சாத்தினான். வலி தோள்வரை ஏறியது. அவள் கண் மட்டும் அந்த வீட்டுக் கதவை விட்டு அகலவில்லை. கொஞ்ச நேரம் முன்பு அவள் காவ்யாவைக் கிண்டிக் கேட்டது பொறுக்காமல் வெளியே வந்தவன் உத்தமன். ஐந்து வருடம் சுரண்டி எடுத்த வண்டி இது. இது இல்லாமல் வரமாட்டேன் என்று தெருவில் உட்கார்ந்தவன். ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கதவு அசைகிறதா என்று பார்த்தாள்.

அசையவில்லை. அசைந்தது அந்த அம்மா. ஓடிப்போய்ச் சந்தின் நடுவில் நின்று அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தாள்.

"ஏய், வெளிய வாங்கடா! கை போன பொண்ணு இருக்கிற ஊட்ல பூந்து அடிக்கிறானுங்கோ! இந்த வேம்புலி ஊட்ல அடிக்கிறானுங்கோ! சோறு துன்னுகினு குந்திகினு கீறீங்களா?"

பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன. அபார்ட்மெண்டின் பால்கனிகளில் தலைகள் முளைத்தன. ஒவ்வொரு தலைக்கும் முன்னால் ஒரு போன். சம்மட்டி வைத்திருந்தவன் முதலில் மேலே பார்த்தான், பிறகு முகத்தைச் சட்டையால் மூடினான். கைக்குக் கிடைத்த கட்டையோடு நாலைந்து ஆட்கள் சந்துக்குள் வந்தார்கள். ஷாகிதாவின் கை விடுபட்டது.

"வண்டிக்குப் போங்கடா," என்றான் ஞானசேகரன். சந்தில் திருப்ப இடமில்லை. ஜனங்கள் ஜன்னலில் தட்டத் தட்ட, வண்டி பின்னோக்கியே ஊர்ந்து போனது. கூடவே நடந்துபோன துலுக்கானம், கையில் போனோடு, "ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, ஆங், மூஞ்சி நல்லா வுழுது," என்று சொல்லிக்கொண்டே முழுதையும் படம் எடுத்தார்.

ஷாகிதா வீட்டுக் கதவைத் தட்டினாள். தாழ் விலகியது.

உத்தமன் தரையில் சுவரோடு ஒடுங்கி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்கக் கண்ணீரும் கரியும். தாழைத் திறந்துவிட்டு வந்த காவ்யா அவன் முன் குந்தினாள். அவள் இடது கை விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. அதுவரை அவன் சட்டையைப் பிடித்த பிடியில்.

"நின்னுட்ச்சு, கைய எடு," என்றாள். அவன் எடுக்கவில்லை. அவளே ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு நின்னுட்ச்சு. எனக்கு அந்தப் பிரஸ் சத்தம் இன்னும் நிக்கலை. தூங்குறப்பகூட."

உத்தமன் அவளைப் பார்த்தான். முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். பட்டறையைத் தாண்டும்போது வண்டியின் பக்கம் தலையைத் திருப்பினான். நிற்கவில்லை. ஷாகிதாவின் ஆம்னியில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அன்றைய இரவு பூந்தமல்லியில் ஷாகிதாவின் வீட்டில், வாசலில் ஒரு போலீஸ்காரரும் உள்ளே துலுக்கானமும் காவல் இருக்கக் கழிந்தது.

மறுநாள் காலை கோர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. கம்பெனிக்காக வந்திருந்த வக்கீல் கட்டுக் கட்டாகக் காகிதங்களோடு காத்திருந்தார். பட்டனை யாரோ கட்டினார்கள் என்று சாட்சி சொல்வான், அந்த யாரோ நீதானே என்று மடக்கலாம் என்பது அவர் திட்டம். உத்தமன் கூண்டில் ஏறினான். பெயர் சொன்னான். பிறகு யாரும் கேட்பதற்கு முன்பே, எதிரே உட்கார்ந்திருந்த காவ்யாவைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தப் பட்டனைக் கட்டுனது என் கைதாங்க. கட்டச் சொன்னது யாருன்னும் சொல்றேன்."

வக்கீல் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

மத்தியானம்வரை உத்தமன் பேசினான். ஒரு வார்த்தையையும் முழுங்கவில்லை. வெளியே, சாட்சியை மிரட்டிய வழக்கில் ஞானசேகரனைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போனது. அவனே அனுப்பிய படம் அந்த வழக்கில் முதல் ஆதாரமாகப் போய்ச் சேர்ந்தது.

உத்தமன் கூண்டிலிருந்து இறங்குவதற்கு முன்பே காவ்யா எழுந்து வெளியே நடந்துவிட்டாள். ஷாகிதா வராந்தாவில் அவளைப் பிடித்தாள்.

"நேத்து நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள்.

"தப்பு," என்றாள் காவ்யா. "வேற இன்னா?"

காவ்யா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அந்த வண்டிய எங்க ஊட்டாண்டேருந்து எடுத்துகினு போவச் சொல்லுங்க அவன்கிட்ட."

"எங்கம்மா எடுத்துகினு போவான்?" என்றார் துலுக்கானம், கட்டுப் போட்ட முழங்கையைத் தடவிக்கொண்டு. "அவன் மேலயும் கேஸ் கீது. கொஞ்ச நாளைக்கு உள்ள போயிட்டுத்தான் வருவான் போல."

காவ்யா படிக்கட்டில் நின்றாள். கீழே ஆவடி பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது.

"தார்ப்பாய் போட்டு மூடி வெக்கிறேன்," என்றாள். "தேய்க்க மாட்டேன், தொட மாட்டேன். அவனே வந்து தேய்ச்சுக்கட்டும்."

இறங்கிப் போய்க் கூட்டத்தோடு பஸ்ஸில் ஏறினாள். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.